உழைப்பவர் குரலும் ஒலிக்கட்டும்



நம் பிள்ளைகளில் பலர் படிப்பு முடிந்ததும், சிலர் முடிக்கும் முன்பே, ஜவுளிக்கடை, செல்போன் கடை, ஹோட்டல் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். தாய்மார்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். தங்கம் விற்கும் விலை அன்றாடம் செய்தியாகிறது. இவர்களின் கூலியும் வேலை நேரமும் செய்தியாவது அரிது. இந்தக் குறையைப் போக்க வந்ததே சமுதாய ஊடகம்.

லாப நோக்கமின்றி ஒரு பகுதி மக்களே தங்களுக்காக நடத்தும் வானொலி, இதழ், ஒலிப்பதிவுச் சேவை ஆகியவற்றை இப்படி அழைக்கிறோம். வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு மத்திய அரசு 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். 2004-ல் தொடங்கியது. இந்த நிலையங்கள் சிறியவை. சுற்றுவட்டாரத்தில் மட்டுமே கேட்கும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியை அந்தந்தப் பகுதியிலேயே தயாரிக்க வேண்டும்.

2008-ல் இன்றைய தெலங்கானாவின் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் சங்கம் ரேடியோவைத் தொடங்கினார்கள். 2009-ல் தொடங்கிய குர்கான் கி ஆவாஸ், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களின் குரலை ஒலிபரப்பியது. நம் பாம்பனில் கடல் ஓசை மீனவர்களுக்காக ஒலிக்கிறது. 2010-ல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவுக்கு வானொலி நிலையம்கூடத் தேவைப்படவில்லை. சாதாரண போனில் குறையைப் பதிவு செய்தால், அது சரிபார்க்கப்பட்டு மற்றவர்களும் போனிலேயே கேட்கலாம். வராமல் கிடந்த வேலைத்திட்டக் கூலி இப்படிச் சொன்ன பிறகு கைக்கு வந்ததுண்டு.

பேசினால் என்ன ஆகும் என்பதற்குக் கோழிக்கோடு ஒரு சான்று. அங்கே கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள் தங்கள் வேதனையை வெளியே சொன்னார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்தது. உங்கள் பிள்ளை வேலை பார்க்கும் கடைக்கும் இது பொருந்தும்.

"முதலாளியைப் பற்றிச் சொல்வது புறம் ஆகாதா?" என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணவர் மீது முறையிட்ட கவ்லா (ரலி) அவர்களின் முறையீட்டை அல்லாஹ் செவியுற்றதாக அல்முஜாதலா அத்தியாயம் தொடங்குகிறது. தீர்த்துவைக்கும் அதிகாரம் உள்ளவரிடம் பாதிக்கப்பட்டவர் முறையிடுவது புறத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். எனவே முறையிட வேண்டிய இடத்தில் பெயரோடு முறையிடலாம். பொதுவில் பேசும்போது ஆளை விட்டு, நிலைமையை மட்டும் பேசலாம்.

இதில் கவனமும் வேண்டும். பேசியதால் வேலை போனால் அடுப்பு எரியாது. ஆகவே பேசுபவரின் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிடக் கூடாது. சொன்னது உண்மையா என்று விசாரிக்க வேண்டும். ஒருவர் அனுப்பிய குரல் பதிவை அவர் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் பரப்பக் கூடாது. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த மடலிலும் அதற்கு இடம் உண்டு. கடையில் நிற்கும் பிள்ளைகளும் பீடி சுற்றும் சகோதரிகளும் எழுதித் தந்தாலும், வாயால் சொன்னாலும், விசாரித்துப் பெயரில்லாமல் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ். பெற்றோர்களே, வேலை விட்டு வரும் பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் கேட்காமல், உட்கார முடிந்ததா, நேரத்துக்குச் சாப்பிட்டாயா, தொழ நேரம் கிடைத்ததா என்றும் கேளுங்கள்.

இதை வாசிக்கும் முதலாளிகளும் நம் சகோதரர்களே. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். உங்களிடம் உழைப்பவர் வெளியே போய்ச் சொல்லும் முன், நீங்களே கேட்டுவிட்டால் அதுவே சிறப்பு. உழைப்பவர் உரிமையைப் பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.