விலையை முதலில் சொன்ன தடுப்பூசி

மருந்தைக் கண்டுபிடித்த பின் அதற்கு விலை வைப்பதே உலக வழக்கம். விலையை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு மருந்தைச் செய்த கதை ஒன்றைக் கேளுங்கள்.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நிலப்பட்டையில், புழுதிக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மூளையுறை அழற்சி நோய் தலைதூக்கும். 1996-97இல் அது சுமார் 25,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. பிழைத்த குழந்தைகளில் சிலர் செவிப்புலனை இழந்தனர்.

அப்போதும் தடுப்பூசி இல்லாமலில்லை. ஆனால் அது கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை மட்டும் கொண்டது. இளங்குழந்தையின் உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதே சர்க்கரையை ஒரு புரதத்துடன் பிணைத்துச் செலுத்தினால் உடல் விழித்துக்கொள்கிறது. பாதுகாப்பும் நெடுநாள் நிற்கிறது. இந்த வித்தை செல்வ நாடுகளுக்குத் தெரிந்ததுதான். ஆப்பிரிக்காவைத் தாக்கும் 'ஏ' வகைக் கிருமிக்காக அதைச் செய்யத்தான் ஆளில்லை. வாங்குவோர் கையில் பணமில்லையே!

2001இல் கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் அளித்தது. உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்ற அமைப்பும் பணியை ஏற்றன. ஓர் ஊசி அரை டாலரைத் தாண்டினால் தங்களால் வாங்க இயலாது என்று ஆப்பிரிக்கச் சுகாதார அதிகாரிகள் கண்டிப்பாகக் கூறிவிட்டனர். பெரிய கம்பெனிகள் அந்த விலைக்கு இணங்கவில்லை. நம் நாட்டில் புனேயிலுள்ள சீரம் நிறுவனம் இசைந்தது. பிணைக்கும் முறை அமெரிக்க அரசு ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோ நாட்டில் 1 முதல் 29 வயது வரையுள்ளோருக்கு ஊசி போடத் தொடங்கினர். பல நாடுகளுக்கும் பரவிய இப்பணிக்குப் பெரும் பணம் தந்தது, 2000இல் அமைந்த 'காவி' (நிறமன்று, பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணியின் பெயர்).

இனி என் பாடமான இயற்பியல். தடுப்பூசி மருந்துகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடில் வைக்க வேண்டும். கிராமத்துக்குப் போகும் பெட்டியில் பனிக்கட்டி வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுகையில் 80 கிலோகலோரி வெப்பத்தை ஏற்கும் என்று வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மின்சாரமற்ற ஊரில் அந்த ஒரு கிலோவை உறைய வைப்பது எப்படி? இந்த மருந்தோ 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் நான்கு நாள் கெடாது என்று சோதனையில் தெரிந்தது. 2012இல் பெனின் நாட்டுக் கிராமங்களுக்கு அது பனிக்கட்டியின்றியே சென்றது.

2017க்குப் பின் அந்தப் பட்டையில் 'ஏ' வகை நோய் எவருக்கும் உறுதி செய்யப்படவில்லை. ஆயினும் அக்கிருமிக்கு உடன்பிறப்புகள் உண்டு. ஐந்து வகைகளைத் தடுக்கும் புதிய ஊசியை 2024இல் நைஜீரியா முதன்முதலாகப் போடத் தொடங்கியது.