மழைக்கு ஏழு வரி

2024 ஜூன் 28 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் டெல்லி சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை. லோதி ரோட்டில் 192.8. பாலம் விமான நிலையப் பக்கம் 106.6. லோதி ரோடு மௌசம் பவனில் இருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் முதலாவது அதி கனமழை, இரண்டாவது மிக கனமழை, மூன்றாவது கனமழை.

64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை. கீழே மிதமான மழை, லேசான மழை, மிக லேசான மழை, பிறகு மழையே இல்லாத நாள். மொத்தம் ஏழு.

ரஸ்ட் நிரல்மொழியில் 'மேட்ச்' பழக இந்தப் பட்டியலே போதும். அதன் அதிகாரபூர்வப் பாடநூல் அமெரிக்கச் சில்லறைக் காசுகளை வைத்துச் சொல்லித்தருகிறது. டைம், நிக்கல் எல்லாம் நாம் எங்கே கண்டோம்? மழை தெரியும்.

'மேட்ச்' ஒரு மதிப்பை வாங்கி, மேலிருந்து வரிவரியாக ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் வரியை நிறைவேற்றும். இதை 'இஃப்', 'எல்ஸ்' வைத்தும் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். ரஸ்ட் சொல்லும்.

முதலில் தசமப் புள்ளியை ஒழித்துவிடுங்கள். 115.5-க்கும் 115.6-க்கும் இடையே தசம எண்கள் இன்னும் உண்டு. மழைமானிக்கு அது பொருட்டல்ல, கம்பைலருக்குப் பொருட்டு. அளவைப் பத்தால் பெருக்கி, குறையெண் வராத முழு எண்ணாக வையுங்கள்: லோதி ரோடு 1928. இப்போது மிக கனமழை வரியை 1156-க்குப் பதில் 1157-இல் தொடங்கிப் பாருங்கள். 1156 எந்த வரியிலும் இல்லை என்று அந்த எண்ணையே காட்டி, கம்பைலர் நிரலை நிராகரிக்கும். கடைசி வரிக்கு மேல்வரம்பு வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும் அதில்தான் அடங்கும்.

விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனை ரஸ்டின் கண்டுபிடிப்பு அல்ல. எம்.எல். குடும்ப மொழிகளில் பல காலமாக இருப்பது. ரஸ்டின் முதல் கம்பைலரே அந்தக் குடும்பத்து ஓகேமலில்தான் எழுதப்பட்டது. கிரேடன் ஹோர் தொடங்கிய ரஸ்டின் 1.0 பதிப்பு 2015 மே மாதம் வந்தது. நினைவகத்தை நேரடியாகக் கையாளும் மொழிக்குள் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது அதன் சாதனை.

ஒரு குறுக்குவழி உண்டு. 'மற்றதெல்லாம்' என்று பொருள்படும் கீழ்க்கோட்டைக் கடைசி வரியாகப் போட்டால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். விட்டுப்போன 1156-உம் சத்தமில்லாமல் அதி கனமழையாகிவிடும். பழகும் காலத்தில் அதைத் தொடாதீர்கள்.

இது முடிந்ததும் மழைமானி பழுதான நாளைச் சேருங்கள். அளவு வராததைப் பூச்சியம் என்று எழுதக்கூடாது. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் 'ஆப்ஷன்' வகையில் அதற்கு 'நன்' என்று தனி வரி உண்டு. அதை எழுதாமல் விட்டாலும் நிரல் ஓடாது.