போத்தலுக்குள் எதைத் தேடுவது?

வலப்பனைப் பகுதியில் மலை சரிந்ததால் ஊரை விட்டு வந்த குடும்பங்கள் பல. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மண்சரிவுகள் ஏற்பட்டபோது வந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழைக்குப் பின் வந்தவர்களும் இருக்கிறார்கள். எப்போது வந்திருந்தாலும் முன்னிருந்த அளவு காணி இப்போது கையில் இல்லை. குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு, அல்லது உறவினர் விட்டுக்கொடுத்த ஒரு மூலை. அதில் விளையும் போஞ்சியும் தக்காளியும் விலை விழுந்த வாரத்தில் சாக்கோடு அழுகிப் போகின்றன. அந்த நேரத்தில்தான் பெண்கள் அடுப்பை மூட்டி அச்சாறு, ஜாம், சோஸ் என்று போத்தலில் அடைக்கத் தொடங்குகிறார்கள். காணி அதிகம் வேண்டாத வருமானம் இது. ஆகவே இதைச் சிறு கைத்தொழில் என்று ஒதுக்கிவிட முடியாது.

போத்தல் கடைக்குப் போனதும் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "லெப் ரிப்போட் இருக்கா?" உடனே ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு கண்டிக்கோ கொழும்புக்கோ போய், கேட்ட கட்டணத்தைக் கட்டி, ஒரு கடதாசியோடு திரும்பி வருவதுதான் வழக்கம். அந்தக் கடதாசியில் "மொத்த நுண்ணங்கி எண்ணிக்கை" என்று ஓர் எண் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எதைத் தெரிந்துகொள்ள அந்தப் பணத்தைக் கொடுத்தோம் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். உணவில் ஒரு கிராமை எடுத்து, நீரில் பல மடங்கு கரைத்து, ஊட்டம் கலந்த கூழில் ஊற்றி, இளஞ்சூட்டில் சில நாள் வைப்பார்கள். உயிரோடிருந்த ஒவ்வொரு நுண்ணங்கியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். புள்ளிகளை எண்ணுவார்கள். அந்தக் கூழுக்கு உறைவு கொடுப்பது ஏகார், அதாவது நம் வீடுகளில் பாலூற்றிச் செய்யும் கடற்பாசி. 1881ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸ என்ற பெண்மணி, தம் சமையலறையில் பழ ஜெலிக்குப் பயன்படுத்திய இந்தப் பொருளை, ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த தம் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை பயன்பட்ட ஜெலற்றின் கோடையில் உருகிப் போனது, ஏகார் உருகவில்லை. ஆய்வுகூடம் என்றதும் அஞ்சுகிற நம் பெண்கள், அதன் மூலப்பொருளே ஜெலி காய்ச்சிய ஒரு பெண்ணின் அடுப்படியிலிருந்து போனது என்பதை அறிந்திருப்பது நல்லது.

அந்தக் கூழில் வளரக்கூடியது மட்டுமே எண்ணப்படும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வளராதது அங்கே இல்லை என்று ஆகாது.

ஜாமை எடுத்துக்கொள்வோம். ஜாமில் சீனி அதிகம். சீனிச் செறிவில் வாழப் பழகிய மதுவங்கள்தான் அதைப் பொங்க வைப்பவை. அவற்றைத் திடீரென்று வெறும் நீரில் கரைத்தால் அதிர்ச்சியில் பல செத்துப்போகும். சாதாரணக் கூழில் மிஞ்சியவையும் சரியாக வளராது. ரிப்போட்டில் சுழியம் வரும். கடையில் மூடி உப்பிக்கொண்டு வரும். இதற்காகவே 2008இல் வெளிவந்த சர்வதேச நியமம் 21527, மதுவத்தையும் பூஞ்சணத்தையும் எண்ணும் முறையை இரண்டு பாகமாகப் பிரித்தது. ஈரமான உணவுக்கு ஒன்று. ஜாம், உலர்ந்த பழம் போன்ற நீர் கட்டுண்ட உணவுக்கு இன்னொன்று. வினாகிரி அச்சாற்றிலும் இதே சிக்கல் உண்டு. அதைக் கெடுப்பவை பெரும்பாலும் புளிப்பில் வாழும் லக்ரிக் பற்றீரியாக்களும் மதுவங்களும். பொது எண்ணிக்கைக் கூழில் அவை ஒழுங்காகத் தெரிவதில்லை. அவற்றுக்கென்று தனிக் கூழ் உண்டு. எனவே ஆய்வுகூடத்துக்குப் போகிறவர் "டெஸ்ட் பண்ணித் தாங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. "இது ஜாம், இவ்வளவு சீனி, இன்ன பாதுகாப்புப் பொருள் இவ்வளவு போட்டிருக்கிறேன், மதுவமும் பூஞ்சணமும் பார்க்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். போட்ட பாதுகாப்புப் பொருளை மறைத்தால் நட்டம் நமக்குத்தான். அது கூழுக்குள்ளும் வேலை செய்து, உயிரோடிருக்கும் நுண்ணங்கியை வளரவிடாமல் தடுத்து, பொய்யான சுத்தத்தைக் காட்டக்கூடும்.

கெட்டுப்போன ஜாம் பணத்தைத்தான் தின்னும். போஞ்சி விஷயம் அப்படியல்ல.

போஞ்சியை உப்பு நீரில் அவித்துப் போத்தலில் அடைத்து விற்கலாமே என்ற யோசனை பல இடங்களில் எழுகிறது. காளானை எண்ணெயில் போட்டு அடைக்கவும் சிலருக்கு ஆசை. இங்கே ஆபத்து குளொஸ்ட்ரிடியம் பொற்றுலீனம் என்ற பற்றீரியா. மண்ணில் இயல்பாக இருப்பது. அதன் வித்திகள் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத இடத்தில், புளிப்பில்லாத உணவில், அறை வெப்பநிலையில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மூடிய போத்தலுக்குள் இருக்கும் போஞ்சி அதற்கு நல்ல வீடு. நஞ்சு உண்டானபின் மணமோ நிறமோ மாறியே தீரும் என்பதும் இல்லை. உண்டவருக்குக் கண் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, பின் மூச்சு நிற்கும். 2006 மார்ச் மாதத்தில் தாய்லாந்தின் வடக்கே நான் மாகாணத்தில், கிராமத்தவர்கள் தாமே தகரத்தில் அடைத்த மூங்கில் குருத்தை ஒரு சமயச் சடங்கில் பரிமாறினார்கள். 209 பேர் நோயுற்றார்கள். 42 பேருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டி வந்தது. அவர்களும் நம்மைப் போல மலைநாட்டுக் கிராமத்து மக்கள்தான்.

இந்த வித்தியைக் கொல்ல 121 பாகை செல்சியஸ் வேண்டும். அது அழுத்தக் கலனில்தான் கிடைக்கும். கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். "நல்லா மூணு மணித்தியாலம் கொதிக்க வச்சோம்" என்று சொல்கிற நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். எத்தனை மணித்தியாலம் கொதித்தாலும் 94 என்பது 121 ஆகாது.

இந்தப் போத்தலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி மொத்த எண்ணிக்கை பார்த்தால் என்ன வரும்? அந்தக் கூழ் காற்றுப்படும் தட்டில் வைக்கப்படுகிறது. காற்றுப்பட்டால் வளராத பற்றீரியா அங்கே புள்ளி வைக்காது. "சுழியம்" என்று அச்சடித்த கடதாசி வரும், அதைக் கடையில் ஒட்டலாம். அதைவிட ஆபத்தான கடதாசி வேறில்லை. நஞ்சையே நேரடியாகத் தேடும் பரிசோதனை இருக்கிறது. ஆனால் அது சிறப்பு ஆய்வுகூடங்களின் வேலை, ஒரு மகளிர் சங்கம் மாதாமாதம் செய்விக்கக் கூடியதல்ல.

அப்படியானால் போஞ்சியை விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. புளிப்பைக் கூட்டினால் போதும். பீ.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அந்த வித்தி முளைத்து நஞ்சு உண்டாக்காது. அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும். பச்சைப் போஞ்சி ஏறக்குறைய 6இல் நிற்கிறது. தேசிக்காய்ச் சாறு 2ஐ ஒட்டியது. தக்காளியை நாம் புளிப்பென்று நம்புகிறோம், ஆனால் நன்கு பழுத்த தக்காளி சிலவேளை 4.6ஐத் தாண்டிவிடும், சோஸ் காய்ச்சுபவர்கள் வினாகிரியோ தேசிக்காயோ சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. வினாகிரியில் ஊறும் போஞ்சிக்கு 4.6 என்ற எல்லைக் கோட்டில் நிற்காமல் 4.2க்குக் கீழே இறக்குவது நல்லது. அளக்கும் முறையும் முக்கியம். மேலே நிற்கும் வினாகிரியைத் தொட்டு அளந்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். அடைத்து ஓரிரு நாள் கழித்து, காயையும் நீரையும் சேர்த்து அரைத்து அளக்க வேண்டும். காயின் நடுவுக்குப் புளிப்பு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

சோடியம் பென்சோவேற்றுக்கும் இதே அளவு தேவை. அந்தத் தூள் புளிப்பில்தான் வேலை செய்யும். பீ.எச். 4.2இல் அதில் பாதி நுண்ணங்கியைத் தாக்கும் வடிவில் இருக்கும். 6இல் நூற்றில் இரண்டு பங்கு கூட இருக்காது. புளிப்பில்லாத உணவில் பென்சோவேற்றைக் கூட்டிக் கூட்டிப் போடுபவர், சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டுவதைத் தவிர வேறெதையும் சாதிப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் எந்த உணவில் எவ்வளவு போடலாம் என்ற ஒழுங்குவிதிகள் உள்ளன. பிரதேச பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். அவரைக் கண்டதும் போத்தல்களை ஒளித்துவைக்கிற பழக்கத்தை விடுவது நல்லது.

ஆகவே சங்கத்திடம் கொஞ்சப் பணம்தான் இருக்கிறது என்றால், என் அபிப்பிராயத்தில் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல பீ.எச். மானியும், அதைச் சரிபார்க்கும் 4, 7 என்ற இரண்டு கரைசல்களும். நிறம் மாறும் கடதாசி மலிவுதான். ஆனால் மிளகாய்ச் சிவப்பும் மஞ்சளும் கலந்த அச்சாற்றில் அதன் நிறத்தை யாரால் படிக்க முடியும்? மானியால் ஒவ்வொரு காய்ச்சலையும் அளந்து கொப்பியில் எழுதலாம். ஆய்வுகூடத்துக்கோ வருடத்தில் சில போத்தல்கள்தான் போகும். நூறு போத்தலில் ஒன்று பழுது என்று வையுங்கள். அதிலிருந்து ஐந்தை எடுத்து அனுப்பினால் அந்தப் பழுது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். மீதி தொண்ணூற்றைந்து முறையும் "நல்லது" என்றே வரும்.

தண்ணீர்ப் பரிசோதனை வேறு. போத்தல் கழுவுவது பீலித் தண்ணீரில். தற்காலிக இருப்பிடங்களில் அந்தத் தண்ணீர் எங்கே மாசுபடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 1982இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். மருந்து தோய்த்து உலர்த்திய கடதாசித் துண்டுள்ள சிறு போத்தலில் தண்ணீரை நிரப்பி வைத்தால், மல அசுத்தம் இருப்பின் ஒரு நாளளவில் கறுக்கும். ஆனால் அதற்கு 30 பாகைக்கு மேல் சூடு வேண்டும். இராகலைப் பக்கத்து இரவில் மேசைமேல் வைத்தால் கறுக்காமலே இருந்து ஏமாற்றும். சுடுநீர்ப் போத்தலோடு பெட்டிக்குள் மூடி, சூட்டைக் காத்து வைக்க வேண்டும். கறுக்காத தண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்தே பாவியுங்கள்.

குளிர் இன்னொரு விதத்திலும் நம்மை ஏமாற்றுகிறது. நம் வீட்டுத் தட்டில் மூன்று மாதம் நின்ற ஜாம், கொழும்புக் கடையில் மூன்று வாரத்தில் பொங்கலாம். அங்கே பகல் 30 பாகைக்கு மேல். ஒவ்வொரு காய்ச்சலிலும் இரண்டு போத்தலை விற்காமல் வைத்து, ஒன்றை நிழலிலும் மற்றதை அடுப்பருகே இதமான சூட்டிலும் விட்டு, திகதி எழுதி, வாரந்தோறும் மூடியையும் குமிழியையும் பாருங்கள். கெடுகிறதா என்பதற்கு இதுவும் ஒரு நுண்ணங்கிப் பரிசோதனைதான், செலவு இரண்டு போத்தல். ஆனால் பொற்றுலீன நஞ்சை இது காட்டாது, அதற்குப் பீ.எச். மானிதான்.

உலர்த்திய மிளகாய்க்கு ஒரு வார்த்தை. அதில் பூஞ்சணம் செத்தாலும் அது விட்டுச்சென்ற அஃப்லொடொக்சின் நஞ்சு சாகாது; புள்ளி எண்ணுவது அங்கே பயனற்றது, நஞ்சை இரசாயன முறையில் பார்க்க வேண்டும். அதைவிட மலிவான வழி, மழைக்கு முன் மிளகாயை அள்ளி உள்ளே போடுவது.

ஆய்வுகூடம் தேவைப்படும் நேரமும் வரும். புதிய செய்முறையைத் தொடங்கும்போதும், பெரிய கடையோடு ஒப்பந்தம் செய்யும்போதும், போத்தல்கள் திரும்பி வரும்போதும் போக வேண்டும். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் கட்டணத்துக்கு இவற்றைச் செய்கிறது. 1955இல் தொடங்கிய பழைய விஞ்ஞான ஆராய்ச்சி நிலையந்தான் 1998 முதல் இப்பெயரில் இயங்குகிறது. கண்டிக்குப் பக்கத்தில், கன்னொறுவையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவிடம் செய்முறை பற்றி ஆலோசனை கேட்கலாம். போகும்போது மூடி திறக்காத போத்தல்களைக் கொண்டு போங்கள், ஒரே காய்ச்சலில் குறைந்தது மூன்று. கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த முறை, எந்தக் கூழ், எத்தனை பாகையில் எத்தனை நாள் என்று கேட்டு, பதிலை அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள். ரிப்போட்டை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கும் நமக்கு உரிமை உண்டு. கட்டணத்தில் அதுவும் சேர்ந்ததே.