மறைநூலும் உரையும்: கார்ல் பார்த்தின் நோக்கு

பழைய நூலொன்றை ஆராய்வார்க்கு இருவகை வினாக்கள் எழும். அந்நூல் எக்காலத்தில், எவரால், எச்சூழலில் இயற்றப்பட்டது என்பது ஒன்று. அந்நூல் எதனை உரைக்கின்றது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை கண்டவுடன் பின்னதற்கும் விடை கண்டதாகக் கொள்ளலாமோ? கிறித்தவ மறைநூலை முன்னிறுத்தி இவ்வினாவை வலிவுடன் எழுப்பியவர், சுவிட்சர்லாந்து நாட்டுச் சமயச் சொற்பொழிவாளராகிய கார்ல் பார்த் (1886–1968) ஆவார்.

பெர்லினில் ஆர்னாக்கிடமும் மார்பர்க்கில் எர்மனிடமும் பயின்றவர் பார்த். அவ்வாசிரியர்கள் வரலாற்றாய்வின் துணைகொண்டு மறைநூலை அணுகினர். சமய உணர்வும் ஒழுக்கமுமே அதன் சாரம் எனக் கருதினர். 1911ஆம் ஆண்டு சாஃபன்வில் என்னும் சிற்றூரில் ஆயராக அமர்ந்த பார்த்துக்கு, ஞாயிறுதோறும் மக்கள்முன் மறைநூற்பொருள் உரைத்தல் கடனாயிற்று. 1914 அக்டோபரில் செருமானிய அறிஞர் 93 பேர் தம் நாட்டின் போரை ஆதரித்து அறிக்கை விடுத்தனர். ஆர்னாக், எர்மன் ஆகிய இருவர் பெயரும் அதன்கண் இருந்தன. ஆசிரியர்தம் அறநெறி தடுமாறியமை கண்ட பார்த், அதற்கு அடிப்படையாயிருந்த மறைநூல் விளக்கத்தையும் ஐயுறலானார்.

இவ்வையத்தின் விளைவாக எழுந்ததே, பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்திற்கு அவர் வரைந்த உரை. 1919ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அதனை முற்றும் திருத்தி, 1922இல் மீண்டும் வெளியிட்டார். வரலாற்றாய்வு வேண்டத்தக்கதே, ஆயினும் அது வாயில் மட்டுமே என்பது அவர் கருத்து. சொல்லையும் காலத்தையும் ஆராய்ந்து நின்றுவிடாது, பவுல் பேசும் பொருளோடு உரைகாரன் நேர்நிற்றல் வேண்டும் என்றார். உரைகாரன் தன் கருத்தையே நூலின்மேல் ஏற்றுதற்கு இம்முறை இடந்தருமன்றோ எனின், ஐயம் நியாயமானதே. அறிஞர் சிலர் அவ்வுரையை அங்ஙனமே குறைகூறினர்.

எனினும், பார்த்தின் பிற்காலக் கொள்கை இவ்வையத்திற்கு ஒருவாறு விடை பகர்கின்றது. 1932இல் வெளியான தம் பெருநூலின் முதற்பகுதியில், இறைச்சொல்லை வெளிப்பட்ட சொல், எழுதப்பட்ட சொல், அறிவிக்கப்படும் சொல் என மூவகையாக அவர் விளக்கினார். எழுத்து வெளிப்பாட்டிற்குச் சான்று. சொற்பொழிவு அவ்வெழுத்திற்குக் கட்டுப்பட்டது. எழுதியோர் பிழைபடக்கூடிய மாந்தரே என்றமையால், எழுத்தெல்லாம் பிழையற்றவை என்பாரினின்றும் அவர் வேறுபட்டார். உண்மை மாந்தர் கைப்பொருளன்று; அது மாந்தரை வினவுவது என்பதே அவர் துணிபு.

இத்துணிபு ஏட்டளவில் நிற்கவில்லை. இனத்தையும் நாட்டையும் இறைவெளிப்பாடாகக் கொண்டோர் செருமானியத் திருச்சபையில் ஓங்கியபோது, 1934 மே திங்களில் பார்மன் அறிக்கை வெளிவந்தது. அதனைப் பெரிதும் வரைந்தவர் பார்த்தே. மறைநூல் சான்று பகரும் கிறித்துவையன்றித் திருச்சபைக்கு வேறு வெளிப்பாடு இல்லை என்று அது மறுத்துரைத்தது. இட்லர்பால் வரம்பற்ற பற்றுறுதி கூற மறுத்தமை முதலியவற்றால், 1935இல் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்து பேசல் நகர் சேர்ந்தார். பிற்காலத்து அந்நகர்ச் சிறையிலுள்ளார்க்கும் பன்முறை மறைநூற்பொருள் உரைத்தார்.

உரைகாரன் நூலுக்குத் தலைவன் அல்லன் என்பதே இவற்றால் பெறப்படுவது. ஆராய்ச்சி எத்துணை நுண்ணிதாயினும், நூல் தன்னை மறுத்துரைப்பதற்கு ஆராய்வான் இடந்தரானாயின், அவன் கேட்பது தன் குரலையே என்க.