10% வட்டியா, 12% வட்டியா? பைக் லோன்ல எது கம்மி?

பைக் ஷோரூமுக்குப் போறீங்க. கலர் எல்லாம் பாத்தாச்சு, 1 லட்சம் லோன் வேணும். அங்கேயே டேபிள் போட்டு உக்காந்திருக்கற ஃபைனான்ஸ்காரர், "வெறும் 10 பர்சன்ட்தான் சார்" என்கிறார். உங்க சம்பளம் வர்ற பேங்க்ல 12% சொல்லியிருக்காங்க. எங்கே வாங்குவீங்க?

10%னு டக்குனு கையெழுத்துப் போட்டுடாதீங்க. அந்த நம்பருக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்கும், பல நேரம் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. 'ஃபிளாட்'டா, 'ரெட்யூசிங்'கா?

ஃபிளாட் என்றால், முதல் நாள் வாங்கின 1 லட்சத்துக்கே கடைசி வரைக்கும் வட்டி. 3 வருஷத்துக்கு 30,000 ரூபாய். மாசத் தவணை 3,611. ஆனா நீங்க மாசாமாசம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுறீங்க? இந்தக் கணக்குப்படி 36-வது மாசம் பாக்கி இருக்கற அசல் 2,778 ரூபாய்தான். அதுக்கு அந்த மாச வட்டி 833 ரூபாய்! கந்துவட்டியே தேவலாம்போல.

ரெட்யூசிங்ல, மீதி இருக்கற அசலுக்கு மட்டும்தான் வட்டி. 12%னாலும் தவணை சுமார் 3,321 ரூபாய், மொத்த வட்டி 19,600-க்குள்ள முடிஞ்சிடும். அதாவது '12%' லோன், '10%' லோனைவிட 10,000 ரூபாய்க்கு மேல கம்மி.

நீங்களே செக் பண்ணலாம். எக்செல்ல ரேட் ஃபார்முலாவில் 36, -3611, 100000 என்று வரிசையா போட்டு, வர்ற விடையை 12-ஆல பெருக்குங்க. 10% ஃபிளாட்டோட நிஜ முகம் தெரியும்: கிட்டத்தட்ட 17.9%.

கணக்கு போட சோம்பலா இருந்தா, 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கேளுங்க. 2024 அக்டோபர் 1-லேர்ந்து புது ரீடெயில் லோன்களுக்கு இதைத் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. உங்களுக்குப் புரியற மொழியிலேயே தரணும், அதனால தமிழ்ல கேட்கலாம். பிராசஸிங் ஃபீஸையும் சேர்த்த வருட வட்டி அதுல 'ஏபிஆர்' என்று இருக்கும். படிச்சு முடிவெடுக்க குறைஞ்சது 3 வேலை நாள் டைமும் உண்டு. "இன்னிக்கே சைன் பண்ணாதான் இந்த ரேட்"னு யாராவது அவசரப்படுத்தினா, அந்த ஷீட்டை வாங்கி மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு நேரா பேங்குக்குப் போய், அங்கேயும் ஒண்ணு வாங்கிப் பாருங்க.