பழைய அஸ்திரங்களும் புதிய உடன்படிக்கையும்

1988-ல் முதன்முதல் பரீக்ஷிக்கப்பட்ட பிருதிவி ஏவுகணைக்கு வயதாகிவிட்டது. அதை ஓசையின்றிக் கழித்துப் புதியதை அவ்விடத்தில் நிறுத்துவது, நம் கோயமுத்தூர் மில்களில் தேய்ந்த கதிரை மாற்றுவது போன்றதேயாகும். அதனால் பகை குறையாது.

1987-ல் அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் செய்துகொண்ட உடன்படிக்கையை நேயர்கள் அறிவார்கள். 1991-க்குள் 2,692 ஏவுகணைகள், எதிர்த்தரப்பாரின் பரிசோதகர்கள் கண்காணிக்க, அழிக்கப்பட்டன. 2019-ல் அவ்வுடன்படிக்கை மாண்டது. அழிந்த அஸ்திரங்களோ மீண்டும் உயிர்பெறவில்லை.

இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்க 2005-ல் ஒப்பந்தம் செய்தன. ஏவுவதைத் தெரிவிப்போர், பழையவற்றை உடைப்பதையும் பரஸ்பரம் காட்டலாகாதா? இருதரப்பும் சமமாகச் செய்வதாயின் நம் தேசத்தின் மானத்திற்கும் பலத்திற்கும் குறைவில்லை. எப்படியும் கழிக்கப்போவதைக் கொடுத்து நம்பிக்கையைப் பெறுவது லாபமான பேரமென்பதே நம் அபிப்பிராயம். கொங்கு நாட்டு வியாபாரி அறிந்த இக்கணக்கை டில்லி சர்க்கார் அறியாதிருக்கலாமோ?