இருதயப் படம் எடுக்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்கவும்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஆஸ்பத்திரியில் காட்டி, "ஆஞ்சியோ எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் வரும் பேச்சு, "மருந்து ஒத்துக்காம போயிட்டா?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்தில் நாளைக் கடத்திவிடாதீர்கள்.

சாதாரண எக்கோ பரிசோதனைக்கு ஊசி கிடையாது, ஒலி அலைதான். ஆஞ்சியோவில் மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். இவ்வகை மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தியவர்கள் பற்றி ஜப்பானில் எடுத்த பெரிய கணக்கு 1990-ல் வெளிவந்தது. கடுமையான ஒவ்வாமை, பழைய வகை மருந்தில் 10,000 பேருக்குச் சுமார் 22 பேர். புதிய வகையில் சுமார் 4 பேர். இப்போது பெரும்பாலும் புதிய வகைதான்.

நம் கடற்கரைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு: "எனக்கு எறா ஒத்துக்காது, அதனால அயோடின் ஊசியும் ஆகாது." இது தவறு. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் சதையிலுள்ள புரதம், அயோடின் அல்ல. இதற்காக ஆஞ்சியோவை மறுக்க வேண்டாம். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மறைக்கவே கூடாதவை சில உண்டு. முன்பு ஸ்கேன் ஊசியில் உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரை. கணவர் மறந்ததெல்லாம் மனைவிக்கு நினைவிருக்கும். ஆகவே இருவரும் கூடப் போங்கள். மனைவிக்குப் பரிசோதனை என்றால், நாள் தள்ளிப்போயிருப்பதையும் கூச்சப்படாமல் சொல்லவும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தை மாற்றுவார், அல்லது முன்னதாகவே தடுப்பு மருந்து கொடுப்பார்.

மருந்து ஏறும்போது உடம்பு சூடாவது சகஜம். சற்று நேரத்தில் போய்விடும். அரிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் வந்தால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். "டாக்டர் என்ன நினைப்பாரோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். கடுமையான ஒவ்வாமைக்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி உயிரைக் காக்கும், தாமதம்தான் கெடுதல். பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் தெரிந்துவிடும். சிலருக்கு இரண்டொரு நாள் கழித்துத் தோலில் தடிப்பு வருவதுண்டு.

ஒவ்வாமை வந்தவர்கள் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைக்கவும். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியோ வீட்டாரோ தாமே தகவல் தரலாம்.